வந்து சேர்ந்த பிறகு

தேவிபட்டினம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 47 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். திருமணமாகி 25 ஆண்டுகள். கல்யாணமான எட்டாம் மாதம் கணவர் சவூதிக்குப் போனார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. இப்படியே 20 வருடம் ஓடி, 2021-இல் ஊரோடு வந்துவிட்டார். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். அவர் எழுதியதில் முக்கியமான வரிகள் இவை:

"சண்டை எதுவும் இல்லை. குடியோ வேறு பழக்கமோ இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாங்கள் பேசுவது பத்து வார்த்தை இருக்காது. கரண்ட் பில் கட்டியாச்சா, மாத்திரை இருக்கா, அவ்வளவுதான். அவர் கூடத்தில் படுக்கிறார். நான் அடுப்படி ஓரத்து அறையில் படுக்கிறேன். ஏசி வைத்த அறையைப் பிள்ளைகள் வந்தால்தான் திறப்போம். 2012-இல் என் அப்பா இறந்தபோது இவர் வரவில்லை. அதிலிருந்தே மனசு விட்டுப்போச்சு. இவரைப் பிரியவேண்டும் என்றெல்லாம் எனக்கு எண்ணம் இல்லை. மிச்சக் காலத்தையும் இப்படியே ஓட்டவேண்டுமா என்றுதான் பயமாக இருக்கிறது. பழையபடி ஆக முடியுமா?"

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்யாணமான புதிதில் 8 மாதம். அப்புறம் 10 விடுப்பு, ஒவ்வொன்றும் 2 மாதம் என்றால் 20 மாதம். ஆக, அவர் ஊரோடு வந்து சேரும்வரை நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது மொத்தம் 28 மாதம். இரண்டரை வருடம்கூட இல்லை.

அந்த விடுப்பு மாதங்களும் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். வந்த முதல் வாரம் பெட்டியைப் பிரித்து யார் யாருக்கு என்ன என்று கொடுப்பதில் போகும். அப்புறம் சொந்தக்காரர் வீட்டு விருந்து, பிள்ளைக்குக் காது குத்து, கட்டுகிற வீட்டுக்குக் கம்பி, சிமெண்ட் என்று அலைச்சல். கடைசி இரண்டு வாரம் கருவாடும் ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் கட்டுவதிலேயே முடிந்துவிடும். இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேச ஒரு சாயங்காலம் கிடைத்திருந்தாலே பெரிது.

அதனால், நீங்கள் தொலைத்துவிட்டதாக நினைக்கிற அந்த நெருக்கம் இன்னும் முழுசாக உண்டாகவே இல்லை என்பதுதான் என் கணிப்பு. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். எனக்கு இது நம்பிக்கை தருகிற விஷயமாகவே படுகிறது. 25 வருடம் ஒரே வீட்டில் இருந்து, ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்துகொண்டு, அதற்கப்புறம் வேண்டாம் என்று விலகியவர்கள் நிலைமை வேறு. உங்கள் இருவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியதே இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

நான் 19 வருடமாக இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் குடும்ப ஆலோசனை பார்க்கிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கரையோரக் குடும்பங்கள்தான் அதிகம் வருகின்றன. பாதி வெளிநாட்டுப் பிழைப்பு, பாதி கடல் பிழைப்பு. உங்களைப் போன்றவர்கள் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பிஸ்கட் டின் ஞாபகம் வரும்.

கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அந்த ஊரில் வெளிநாட்டில் பிழைப்பவரைச் சபுராளி என்பார்கள். இவர் கணவரும் சபுராளியாக 18 வருடம் இருந்துவிட்டு வந்தவர். அம்மாவின் கையில் நீல நிற பிஸ்கட் டின். உள்ளே 1990-களில் அவர் அனுப்பிய கடிதங்கள், சிவப்பும் நீலமும் கரை போட்ட ஏர்மெயில் உறையோடு அப்படியே. "இம்புட்டு எழுதின மனுசன் இப்ப ஏன் வாயே தொறக்க மாட்டேங்கிறாரு?" என்பதுதான் அவர் கேள்வி.

இரண்டு பேருமாக உட்கார்ந்து படித்தோம். நலம், நலமறிய ஆவல். இன்னாரிடம் 5,000 ரூபாய் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் பாக்கியை முதலில் அடைத்துவிடு. பிள்ளைகளை நன்றாகப் படிக்க வை. நான் இங்கே சௌகரியமாக இருக்கிறேன், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்தக் கடிதத்தை எடுத்தாலும் இதேதான். ஏழெட்டுக் கடிதம் ஆனதும் அந்த அம்மாவே நிறுத்திவிட்டார். "இதுல அவரு என்ன சாப்பிட்டாருன்னு ஒரு எடத்துலகூட இல்லையே" என்றார்.

அடுத்த தடவை கணவரும் வந்தார். மெல்ல மெல்லக் கேட்டபோது சொன்னார். ஒரு அறையில் 9 பேர், இரண்டடுக்குக் கட்டில். மேல் கட்டிலில் படுத்தால் தகரத்தின் சூடு முகத்தில் இறங்கும். ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கி மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் கிடந்திருக்கிறார். அந்த மூன்று வாரத்துக்குள் எழுதிய கடிதமும் டின்னில் இருந்தது. அதிலும் சௌகரியமாக இருக்கிறேன் என்றே எழுதியிருந்தார். அந்த அம்மா எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். வைத்தது இடது தோளில். அவர் பேசாமல் அந்தக் கையை எடுத்து வலது தோளில் வைத்தார்.

அப்புறம் அம்மா சொன்னார். மகனுக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டு, ராத்திரி ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டு மீன் வண்டியில் ராமநாதபுரத்துக்கு ஓடியது. வழி நெடுகப் பிள்ளையின் வாயில் காதை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனது. இதைக் கணவரிடம் அதுவரை சொன்னதே இல்லை. "அங்க ஒத்தையில கெடக்குற மனுசன். கேட்டா சோறு எறங்குமா?" என்றார்.

நான் இதுவரை பார்த்ததில் நம் கரையோரக் குடும்பங்களின் மௌனத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெறுப்பு அபூர்வம். அவர் மனம் நோகக்கூடாது என்று இவர் மறைக்கிறார், இவர் பயப்படக்கூடாது என்று அவர் மறைக்கிறார். கடலுக்குப் போகிறவர் வீட்டிலும் இதே கதைதான். இலங்கைக் கடற்படைப் படகு விரட்டியதை அவர் வீட்டில் சொல்ல மாட்டார். மனைவி மூன்றாம் வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொள்வார். தெரிந்தும் கேட்க மாட்டார். கஷ்டத்தைச் சொல்லாமல் இருப்பதுதான் பாசம் என்று பழகிவிட்டோம். இப்படி 20 வருடம் போனால் இரண்டு பேரிடமும் மிச்சமிருக்கிற பொதுப் பேச்சு பணமும் பிள்ளையும் மாத்திரையும்தான். பிள்ளைகள் வளர்ந்து வெளியே போனதும் அதிலும் பாதி குறைந்துவிடுகிறது.

நெய்தல் என்கிற கடற்கரை நிலத்துக்கு உரிய உணர்வு இரங்கல், அதாவது பிரிந்தவரை நினைத்து வருந்துவது என்று முன்னோர் வகுத்து வைத்தார்கள். காத்திருப்பதைப் பாட நம்மிடம் எத்தனையோ பாட்டு உண்டு. வந்து சேர்ந்தவரோடு எப்படிப் பழகுவது என்பதை மட்டும் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் இல்லாத 20 வருடத்தில் அந்த வீட்டை நடத்தியது நீங்கள். பேங்க், ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம், கொத்தனார், பஞ்சாயத்துத் தண்ணீர், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது வரைக்கும். அவர் வந்து இறங்கியபோது வீடு அவர் இல்லாமலே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வந்த புதிதில் அவர் எதிலாவது கை வைத்திருப்பார். "உங்களுக்குத் தெரியாது, விடுங்க" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். ஒரு நாலு முறை அப்படி ஆனதும் அவர் டீக்கடைக்குப் போகத் தொடங்கியிருப்பார். உங்கள்மேல் குற்றம் சொல்லவில்லை, தங்கச்சி. 20 வருடம் ஒற்றை ஆளாகச் சுமந்த பொறுப்பை ஒரே நாளில் இறக்கி வைக்க யாராலும் முடியாது.

விசைப்படகுக்காரர் வீடுகளில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும். கையில் காசும் குறைவு, மனுஷனும் நாள் முழுக்க வீட்டில். உப்பு ஜாடி எங்கே என்பதிலிருந்து பெண்பிள்ளை ஏன் இவ்வளவு நேரம் போன் பார்க்கிறாள் என்பதுவரை எல்லாவற்றிலும் உரசல் வரும். பாம்பனிலிருந்து வந்த ஒரு பெண், "எப்ப ஜூன் பதினஞ்சு வரும்னு நாள் எண்ணிக்கிட்டு இருக்கேன் டீச்சர்" என்று அழுதே விட்டார்.

அந்த வீட்டில் திருப்பம் வந்த விதம் உங்களுக்கு உதவும். கணவர் வேப்ப மரத்தடியில் வலை பொத்திக்கொண்டிருப்பார். கால் கட்டைவிரலில் வலைக்கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியை விட்டு வாங்கி முடிச்சுப் போடுவார். ஊசியில் நூல் தீர்ந்தால் எழுந்து போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். ஒருநாள் சின்ன மகன் வீட்டில் இல்லாததால் இந்தப் பெண் உட்கார்ந்து ஊசிக்கு நூல் சுற்றிக் கொடுத்தார். இரண்டு ஊசி மாறி மாறிப் போய்வந்தது. அரைமணி நேரம் ஒன்றும் பேசவில்லையாம். அப்புறம் அவர் வலையைப் பார்த்தபடியே, இந்தக் கிழிசல் எப்படி வந்தது என்று சொல்லத் தொடங்கினார். கல்லில் மாட்டிய கதை, அதை எடுக்கப் போய் ஒரு பையனின் கை கயிற்றில் சிக்கிய கதை. இந்தப் பெண் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் நூல் சுற்றிக்கொண்டே கேட்டிருக்கிறார். மறுநாள் சாயங்காலமும் போய் உட்கார்ந்தார்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், எதிரெதிரே உட்கார்ந்து "நாம பேசணும்" என்று தொடங்கினால் நம் ஊர் ஆண்கள் பலருக்கு எழுந்து போய்விடத்தான் தோன்றும். அதைக் குற்ற விசாரணை மாதிரி எடுத்துக்கொள்வார்கள். நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். பிள்ளைகள் வெளியூர் போனபின் எங்கள் வீட்டிலும் சாப்பாட்டு நேரத்தில் டிவி செய்தி மட்டும்தான் பேசியது. ஒருநாள் பொறுக்காமல் பத்து வருடக் குறையையும் வரிசையாக அடுக்கினேன். என் கணவர் பதில் சொல்லாமல் வெளியே போய்ப் பதினொரு மணிக்குத்தான் திரும்பினார். நான் சொன்னது எல்லாமே உண்மை. ஆனாலும் அதிலிருந்து ஒரு பேச்சும் வளரவில்லை. பிறகு இருவரும் தினமும் சாயங்காலம் நடக்கத் தொடங்கினோம். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது வந்த பேச்சுதான் எங்களைக் காப்பாற்றியது.

ஆகவே கைக்கு ஏதாவது வேலையோடு தொடங்குங்கள். முருங்கைக் கீரை ஆய்வது, இறால் உரிப்பது, மீன் வாங்க இரண்டு பேருமாக நடந்து போவது, எதுவானாலும் சரி. தினமும் ஒரே நேரமாக இருந்தால் நல்லது. இருபது நிமிடம் போதும். அந்த நேரத்தில் பில், கடன், மகன் ஃபீஸ், சம்பந்தி வீட்டு மனஸ்தாபம் எதையும் எடுக்காதீர்கள். அவற்றுக்கு வேறு நேரம் இருக்கிறது.

பிறகு, சொல்லாமல் வைத்ததைச் சொல்லத் தொடங்குங்கள். முதலில் உங்களுடையதை. ஒரு தடவைக்கு ஒரு சம்பவம், அதுவும் சின்னதாக, அவரைக் குற்றம் சாட்டாததாக எடுங்கள். "ஏங்க, நம்ம வீட்டுக்குத் தளம் போட்ட அன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு, உங்ககிட்ட சொல்லவே இல்ல" என்று தொடங்கலாம். மழை வந்தது, நீங்களும் கொத்தனாரும் தார்ப்பாய் தேடி ஓடினது, அன்று ராத்திரி தூங்காமல் கிடந்தது. இந்த மாதிரி ஒன்று உங்களிடம் நிச்சயம் இருக்கும். முடிவில் "நீங்க இருந்திருந்தா" என்று சேர்க்காதீர்கள். அந்த ஒரு வார்த்தை போதும், அவர் மறுபடி கதவைச் சாத்திக்கொள்ள.

அவரிடம் கேட்கும்போது பதில் சொல்ல எளிதான கேள்வியாகக் கேளுங்கள். "உங்க வாழ்க்கை அங்க எப்படி இருந்துச்சு?" என்றால் "இருந்துச்சு" என்று முடித்துவிடுவார். "ரூம்ல யாரு சமைப்பா?", "மொத நாள் ஏர்போர்ட்டுக்கு யாரு வந்து கூட்டிட்டுப் போனா?", "வெள்ளிக்கிழமை லீவுக்கு எங்க போவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ஆளின் பெயர் வரும், ஒரு கடையின் பெயர் வரும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி வரும். அவர் ஏதாவது கஷ்டத்தைச் சொன்னால், "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்பாகத்தான் சொல்வோம். கேட்பவருக்கு அது திட்டாக விழும். "இது எனக்குத் தெரியாதுங்க" என்றால் போதும்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதிகளை வீடு மாதிரி அமைத்த ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்துக் கவனித்தார். அவர் பார்த்தது பெரிய சண்டைகளை மட்டும் இல்லை. ஒருவர் சும்மா ஒரு பேச்சை எடுக்கும்போது மற்றவர் திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்பதையும் எண்ணினார். 6 வருடம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அப்படிப்பட்ட சின்ன அழைப்புகளில் 100-க்கு 86-க்கு முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33-க்குத்தான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அவர் வெளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது "இன்னைக்கு வாடை பலமா இருக்கு" என்கிறார். காற்றைப் பற்றிய தகவலாக அது நம் காதில் விழுகிறது. ஆனால் அவர் உங்களோடு பேச எடுத்த அடி அது. "ம்" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னால் அன்றைக்கு அது முடிந்தது. "ஆமாங்க, கொடியில போட்ட துணியெல்லாம் பறந்துருச்சு" என்றால் இன்னொரு வாக்கியம் வரும். ஒரு வாரம் உன்னிப்பாகக் கவனியுங்கள், அவர் நாளைக்கு எத்தனை முறை இப்படி வருகிறார் என்று. எனக்குத் தெரிந்தவரை, பேசவே மாட்டார் என்று மனைவி சொல்லும் ஆண்களும் இரண்டு மூன்று முறையாவது வருகிறார்கள்.

இனி உங்கள் அப்பா விஷயம். இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம்.

அன்றைக்குச் சபையில் ஆளுக்கு ஆள் "மாப்பிள்ளை வரலையா, மாப்பிள்ளை வரலையா" என்று கேட்டிருப்பார்கள். அப்பாவை இழந்த துக்கத்தோடு அந்தக் கேள்விக்கும் நீங்கள்தான் பதில் சொல்லியிருப்பீர்கள். 13 வருடமாக அது உள்ளேயே கிடக்கிறது. நீங்கள் அவரிடம் அதைப் பற்றி ஒருமுறையாவது முழுதாகப் பேசினீர்களா என்று கடிதத்தில் இல்லை. பேசியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

ஒரு விவரம் சொல்கிறேன். 2021 மார்ச் வரை சவூதியில் தனியாரிடம் வேலை பார்த்த வெளிநாட்டுத் தொழிலாளி ஊருக்கு வந்து திரும்பவேண்டும் என்றால், அதற்கான விசாவுக்கு முதலாளியின் ஒப்புதல் வேண்டும். கபீல் என்கிற அந்த முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கையில் டிக்கெட் காசு இருந்தும் பயனில்லை. பலருடைய பாஸ்போர்ட்டும் கம்பெனியின் கையில்தான் இருந்தது. 2021 மார்ச்சில்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள். உங்கள் கணவருக்கு அன்று இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கேட்டு மறுக்கப்பட்டாரா, கேட்கவே பயந்தாரா, வேலை போய்விடும் என்று கணக்குப் போட்டாரா, அவருக்குத்தான் தெரியும். உங்களுக்கு இன்னும் தெரியாது என்பதுதான் விஷயம்.

இதை முதல் மாதம் எடுக்க வேண்டாம். சின்னச் சின்னக் கதைகள் கொஞ்சம் போய்வரட்டும். உங்களுக்கே ஒருநாள் தோன்றும். அன்று "ஏன் வரல?" என்று கேட்காமல், "அப்பா செத்த அன்னைக்கு நான் எப்படி இருந்தேன்னு உங்ககிட்ட சொன்னதே இல்ல, இப்ப சொல்லவா?" என்று கேளுங்கள். சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம், எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடலாம், கோபமாக "நான் என்ன செய்ய முடியும்?" என்றுகூடச் சொல்லலாம். அன்றைக்கே பதில் வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அவராகவே அந்தப் பேச்சைத் தொட வாய்ப்புண்டு. அப்போது அவருடைய அன்றைய ராத்திரி எப்படிப் போனது என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்களுக்குச் சமாதானமாக இல்லாமலும் போகலாம். மன்னித்துவிட்டேன் என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு பேரும் அந்த நாளைத் தனித்தனியாகச் சுமந்ததை ஒருமுறை சேர்ந்து பார்த்தால் போதும். அப்பாவின் அடுத்த நினைவு நாளன்று படையலுக்கு இலை வாங்குவதிலிருந்து எல்லாவற்றையும் அவரைச் செய்யச் சொல்லுங்கள். என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு, வாயால் கேட்ட மன்னிப்பைவிட இதுதான் ஆறுதல் தந்தது.

வீட்டுப் பொறுப்பில் ஒன்றிரண்டை முழுதாக அவரிடம் கொடுத்துவிடுங்கள். "கொஞ்சம் உதவுங்க" என்று கேட்டால் அவர் விருந்தாளியாகவே இருப்பார். மீன் வாங்குவது இனி அவர் பாடு என்றால் அவர் பாடுதான். விளமீனுக்குப் பதில் காரல் வாங்கி வந்தாலும் முகம் சுளிக்காமல் ஆக்குங்கள். மகனோடு வாராவாரம் பேசுவதிலும் நீங்கள் நடுவே நின்று இருவருக்கும் தகவல் சொல்வதை நிறுத்திப் பாருங்கள். "அப்பாகிட்ட நேரா கேளு" என்று மகனிடம் சொல்லிவிடுங்கள். முதலில் இரண்டு பேரும் தடுமாறுவார்கள்.

உடல் நெருக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. தனித்தனி அறை என்ற வரியிலேயே அதுவும் இருக்கிறது. உங்கள் வயதில் மாதவிலக்கு நிற்கும் காலத்து மாற்றங்கள் வரும். தூக்கம் கெடும், உடம்பு திடீரென்று அனலாகும், வறட்சியால் வலி வரும். அவருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் அந்த நோயும், சில மாத்திரைகளும் ஆசையையும் இயலுமையையும் குறைக்கும். பல ஆண்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, படுக்கையையே தனியாக்கிக்கொள்கிறார்கள். மனைவி தன்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார். இரண்டுக்கும் மருத்துவம் இருக்கிறது. டாக்டரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். அதுவரை சும்மா தொடுவதற்கு ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுவது, டீ கிளாஸைத் தரையில் வைக்காமல் கையில் கொடுப்பது போதும்.

அவர் நாள் முழுக்கச் சோர்ந்து கிடக்கிறார், சாப்பாட்டில் விருப்பம் இல்லை, தூக்கம் இல்லை, எதுவும் வேண்டாம் என்கிறார் என்றால் அதை வெறும் மௌனம் என்று விட்டுவிடக்கூடாது. 20 வருடம் சம்பாதித்துக் கொடுத்த மனிதர் திடீரென்று சம்பாத்தியம் இல்லாமல் உட்காரும்போது மனச்சோர்வு வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் மாவட்டத்தில் மனநல மருத்துவர் என்றாலே பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்ட 28 பேர் தீயில் இறந்ததை நாம் மறக்க முடியாது. ஆனால் இன்று அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போவது காய்ச்சலுக்குப் போவது மாதிரிதான். நேரில் போகத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நீங்கள் மட்டும் முதலில் பேசினாலும் சரி.

உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் வேறு பெண்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே பொறுமையாகக் கதை கேட்டுக்கொண்டிருக்கச் சொல்ல மாட்டேன். 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். முதல் மாதம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நீங்கள் ஐந்து கதை சொன்னால் அவர் ஒன்று சொல்வார். நான் மட்டும்தான் முயற்சி செய்யவேண்டுமா என்று கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. யாராவது ஒருவர் தொடங்கவேண்டும், கடிதம் எழுதியது நீங்கள், அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். ஆறு மாதம் விடாமல் செய்து பாருங்கள். அப்போதும் சுவரோடு பேசுவது போலவே இருந்தால், "நான் ஒருத்தரைப் பாக்கப் போறேன், நீங்களும் வாங்க" என்று ஆலோசகரிடம் அழைத்து வாருங்கள். அவர் வரவில்லை என்றால் நீங்கள் மட்டும் வாருங்கள்.

மகன் பொங்கலுக்கு வருவான் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த ஏசி அறையை இப்போதே திறந்து துடைத்து, புது விரிப்புப் போட்டு வையுங்கள். அந்த ஏசியும் அவர் அந்த வெயிலில் நின்று சம்பாதித்த காசில் வந்ததாகத்தான் இருக்கும். "கூடத்துல கொசு அதிகமா இருக்கு, உள்ள வந்து படுங்க" என்று ஒரு நாள் கூப்பிடுங்கள். முதல் நாள் அவர் வராமல் போகலாம். கதவைப் பூட்டாமல் வைத்திருங்கள். மகன் வந்தால் அவன் கூடத்தில் படுத்துக்கொள்ளட்டும்.